சிறு எண்ணிக்கையில் சர்க்யூட் போர்டுகள்: ஆறு ஆண்டு அனுபவத்திற்குப் பின் 0603-இல் நிலைத்த கதை

ஆறு ஆண்டுகளாக என் சொந்தக் கருவிகளுக்கான சர்க்யூட் போர்டுகளை ஐந்து, பத்து என்ற எண்ணிக்கையில் செய்து வாங்கி, பாகங்களை நானே பொருத்தி வருகிறேன். தொடக்கத்தில் போர்டு எவ்வளவு சிறுத்தாலும் நல்லதுதான் என்று எண்ணியிருந்தேன். இப்போது, வேறு வழியே இல்லாத இடங்களைத் தவிர, 0603 அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. மின்தடை, மின்தேக்கி போன்ற பாகங்களின் நீள அகலத்தைக் குறிக்கும் குறியீட்டு எண் அது.

அந்த எண்ணிலேயே ஒரு பொறி இருக்கிறது. அங்குலக் கணக்கில் 0603 என்பது 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் உள்ள பாகம். மில்லிமீட்டர் கணக்கில் அதே 0603 என்பது 0.6 மி.மீ. நீளமும் 0.3 மி.மீ. அகலமும் உள்ள, அங்குலக் கணக்கில் 0201 எனப்படும் பாகம். இதைக் கவனிக்காமல் ஒருமுறை நூறு மின்தடைகளை வாங்கிவிட்டேன். பாகங்கள் அடுக்கி வந்த நாடாவின் மேலுறையை உரித்தபோது, ஒவ்வொரு குழியிலும் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்புத் துணுக்கு கிடந்தது. இடுக்கியால் தொட்ட முதல் துணுக்கு தெறித்து எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதன்பின் குறியீட்டை நம்பாமல், நீள அகலத்தைப் பார்த்தே வாங்குகிறேன்.

கைக்கு எளிது என்பது மட்டும் காரணமன்று. 5 வோல்ட்டில் இயங்கிய ஓர் உணரிப் போர்டில், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக 0603-ஐவிடச் சிறிய 0402 அளவில், 6.3 வோல்ட் தாங்கும் 10 மைக்ரோஃபேரட் எக்ஸ்5ஆர் வகைப் பீங்கான் மின்தேக்கியை வைத்திருந்தேன். ரேடியோ தகவல் அனுப்பும் ஒவ்வொரு முறையும் போர்டை இயக்கும் கட்டுப்படுத்திச் சில்லு மறுதொடக்கம் ஆனது. இரண்டு வாரம் நிரலைக் குடைந்த பிறகுதான் அலைநோக்கியை எடுத்தேன். அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிவது திரையில் தெளிவாகத் தெரிந்தது. இவ்வகைப் பீங்கான் மின்தேக்கிகள் நேர்மின்னழுத்தத்தின் (DC) கீழ் தம் கொள்திறனை இழக்கின்றன. உடல் சிறுத்து, மின்னழுத்தமும் தாங்கும் எல்லையை நெருங்கினால், குறிக்கப்பட்ட மதிப்பில் பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. பக்கத்து மின்வழியின் பச்சைப் பூச்சைச் சுரண்டி, அளவில் பெரிய 0805-இல் 16 வோல்ட் தாங்கும் ஒன்றைப் பற்றவைத்ததும் மறுதொடக்கம் நின்றது.

போர்டுகளின் தரத்தைப் பற்றிச் சொல்லப் பெரிய குறை எதுவுமில்லை. 1.6 மி.மீ. தடிமனும் 35 மைக்ரான் செம்பும் கொண்ட இரண்டு அடுக்குப் போர்டுகளில், மின்வழி அகலத்தை 0.15 மி.மீ.-க்கும் துளையை 0.3 மி.மீ.-க்கும் குறையாமல் வைத்துக்கொண்டவரை, வாங்கிய எல்லா இடங்களிலும் ஒழுங்காகவே செய்து தந்தார்கள். பாகங்களின் கால்களைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகளான பேட்கள், சால்டர் பூச்சில் சற்று மேடுபள்ளமாக வரும் என்பதால், கால்களுக்கு இடையே 0.5 மி.மீ. மட்டுமே உள்ள சில்லுகள் இருந்தால் தங்கப் பூச்சைக் கேட்கிறேன், மற்றவற்றுக்கு அது வீண் செலவு. பேட்கள்மேல் சால்டர் பசையைத் தடவ உதவும், துளையிட்ட 0.12 மி.மீ. எஃகுத் தகடான ஸ்டென்சிலைப் போர்டோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. ஊசியால் பசையை வைத்துக்கொண்டிருந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

பிழைகள் பெரும்பாலும் என் பக்கமே இருந்தன. மூன்று கால் கொண்ட ஒரு டிரான்சிஸ்டரின் கால்வரிசையை ஒருமுறை இடம் வலமாக மாற்றி வரைந்துவிட்டேன். அதுமுதல், வடிவமைப்புக் கோப்பைத் தயாரிப்பாளருக்கு அனுப்புமுன் போர்டை அசல் அளவில் தாளில் அச்சிட்டு, உண்மையான பாகங்களை அதன்மேல் வைத்து, கால்களின் பெயரைத் தரவுத்தாளோடு ஒப்பிடுகிறேன்.

வாங்கும் வரிசையும் மாறிவிட்டது. உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு நிலவிய 2021-இல் போர்டுகள் வந்து சேர்ந்தன, அவற்றுக்கான கட்டுப்படுத்தி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அந்தப் பத்துப் போர்டுகளும் இன்னும் வெற்றாகவே இழுப்பறையில் கிடக்கின்றன. இப்போது சில்லுகள் கைக்கு வந்த பிறகே போர்டுக்குச் சொல்கிறேன். மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் மட்டும் பிறகு வாங்கிக்கொள்கிறேன், 0603-இல் ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் கிடைத்துவிடுகிறது.