எட் காச் குவீன்ஸ்பரோ பாலம்: ஐந்துக்கு நாலு

டாக்சிக்காரரிடம் ‘எட் காச் பாலம்’ என்றேன். ஒரு நொடி விழித்துவிட்டு, ‘ஓ, 59ஆம் தெருப் பாலமா?’ என்றார். 1909இல் திறந்த நியூயார்க் பாலத்துக்கு 2011இல் முன்னாள் மேயர் பெயரை வைத்தால் இப்படித்தான். அதுவும் மனிதர் உயிரோடு இருந்தபோதே!

சரி, நடைக்கு வருவோம். 2025இலிருந்து நடப்பவர்களுக்குத் தெற்கு ஓரத்தில் தனிப்பாதை. சைக்கிள் மணிக்குப் பயந்து கம்பியோடு ஒட்டிப் போன காலம் முடிந்தது. பாதி வழியில் நின்றேன்: கீழே ரூஸ்வெல்ட் தீவு, தூரத்தில் ஐ.நா. கட்டடம், பக்கத்தில் லாரி போனால் முழங்கால்வரை அதிர்வு. பைசா செலவில்லை. இரைச்சலுக்காக ஒரு நட்சத்திரம் கழித்துவிட்டேன். அப்புறம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று பலம்.