நியூபோர்ட் பாணி டிராயர் அலமாரி: ஒன்பது வருடப் பழக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வீட்டுப் படுக்கையறையில் இந்த அலமாரி ஒன்பது வருடமாக நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் டவுன்சென்ட், காடார்ட் குடும்பத்துத் தச்சர்கள் செய்த வடிவத்தைப் பார்த்து, ஒரு சின்னப் பட்டறையில் மகோகனி மரத்தில் கையாலேயே செய்தது. முகப்பில் இரண்டு ஓரமும் புடைத்திருக்கும், நடு உள்வாங்கியிருக்கும், மூன்றின் உச்சியிலும் ஆளுக்கொரு சிப்பி வடிவச் செதுக்கல். அசல் பக்கம் நாம் எட்டிப் பார்க்க முடியாது. அந்த ஊர் மேசையும் புத்தக அலமாரியும் சேர்ந்த ஒன்று 1989இல் நியூயார்க் ஏலத்தில் 1.21 கோடி டாலருக்குப் போனது.

சிப்பிக்கு மயங்கித்தான் வாங்கினேன். நடுச் சிப்பி பலகையிலேயே குடைந்தது, ஓரத்துச் சிப்பிகள் தனியே செதுக்கி ஒட்டியவை. சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் உளி போன தடம் தெரியும். அழகுதான், ஆனால் தூசி துடைக்கப் பழைய ஷேவிங் பிரஷ் ஒன்று தனியாக வேண்டியிருக்கிறது.

தினமும் கையில் படுவது டிராயர்கள். முதல் ஆகஸ்டிலேயே, கோடை ஈரத்தில் மரம் உப்பி, மேல் டிராயர் இறுகிக்கொண்டது. இழைப்புளி வாங்கப் போனவனை, நவம்பர் வரை கைவைக்க வேண்டாம் என்று தச்சர் போனில் தடுத்தார். ஹீட்டர் ஓடத் தொடங்கி மரம் உலர்ந்ததும் தானாகவே விட்டது.

மூன்றாவது குளிர்காலத்தில் மனைவியின் கம்மல் திருகாணி டிராயர் இடுக்கு வழியாகக் கீழே விழுந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பலகை சுருங்கி, அதைச் செருகியிருந்த முன்பக்கக் காடியை (பள்ளத்தை) விட்டு வெளியே வந்திருந்தது. மூன்று பக்கமும் பசையில்லாமல் செருகி, பின்னால் மட்டும் இரண்டு ஆணி. ஆணியைப் பிடுங்கி, பலகையை முன்னால் தள்ளி, மறுபடி அடித்தேன். பத்து நிமிடம். சுற்றிலும் ஒட்டியிருந்தால் பலகையே வெடித்திருக்கும். மூலைகளில் இருக்கும் டவ்டெயில் இணைப்புகளில் ஆணியோ திருகோ கிடையாது, புறா வால் போல விரிந்த பற்கள் முகப்பைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருடம் இழுத்தும் ஒன்றுகூட அசையவில்லை.

குறையும் உண்டு. பக்கப் பலகையின் நார் மேல்கீழாக ஓடுகிறது, அடியில் சுற்றிவரும் மோல்டிங்கின் (அலங்கார விளிம்புக் கட்டையின்) நார் குறுக்கே. அதை நீளம் முழுக்க ஒட்டிவிட்டார்கள், பலகை சுருங்க வழியில்லை. ஐந்தாம் வருடம் இடப்பக்கம் ஒரு சாண் கீறல். பழைய அசல்களிலும் இப்படி வெடிக்கும் என்று பட்டறையில் சமாதானம் சொன்னார்கள். சரி, இருநூறு வருடம் கழித்து வெடித்தால் நியாயம்! நல்லவேளை, ஒட்டியது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலில் காய்ச்சும் பழைய பசை. ஈரமும் சூடும் காட்டியதும் இளகிவிட்டது. இப்போது முன்நுனியில் மட்டும் பசை, மீதிக்குச் சின்ன ஆணிகள்.

கீறல் அப்படியேதான் இருக்கிறது. ஜூலையில் மூடிக்கொள்கிறது, ஜனவரியில் திறக்கிறது.