பழைய பத்திரம் படித்துத் தரும் மண்ணடிக் கடை: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

சென்னை மண்ணடியில் பத்திர எழுத்தர்கள் வரிசையாகக் கடை வைத்திருக்கும் தெரு ஒன்றில், பழைய கையெழுத்துப் பத்திரங்களை வரிக்கு வரி படித்துத் தட்டச்சு செய்து தருகிறார் பெரியவர் ஒருவர். ஏழு கிணறு பகுதியில் வாழ்ந்த எங்கள் எள்ளுப்பாட்டியைப் பற்றி அறிவதற்காக, வீட்டுப் பெட்டியில் கிடந்த மூலப்பத்திரங்களையும் கடன்சீட்டுகளையும் அவரிடம் கொடுத்தோம். படிக்கும் வேலைக்கு அவர் கேட்பதைத் தயங்காமல் கொடுக்கலாம். கூடவே விற்கும் ‘குடும்ப வரலாற்றுத் தொகுப்பு’ வேண்டாம் என்பது என் முடிவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரங்களில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொற்கள் ஒட்டிக்கொண்டே ஓடும், ௵ (வருடம்), ௴ (மாதம்), ௸ (மேற்படி) போன்ற குறிகள் வரிக்கு ஒன்றாய் வரும். இவற்றில் அவர் தடுமாறவே இல்லை. அதைவிட முக்கியம், பத்திரத்தின் பின்பக்கத்தையும் விடாமல் படிக்கிறார். முன்பக்கத்தில் ‘இன்னாருடைய பாரியாள்’ (மனைவி) என்பதற்கு மேல் எதுவும் சொல்லப்படாத பெண், பதிவு அதிகாரியின் குறிப்பில்தான் பெயரோடும், கையெழுத்துக்குப் பதிலாக இட்ட கைக்கீறலோடும், அவரை அடையாளம் காட்டிய சாட்சிகளோடும் வருகிறார். பிற்காலத்தில் எங்கள் குடும்பம் வாங்கிய பக்கத்து வீட்டின் பத்திரத்தை நாங்கள் சும்மாதான் சேர்த்துக் கொடுத்திருந்தோம். அதன் நான்கெல்லையில் ‘அம்மாள் வீட்டுக்கு மேற்கு’ என்று எள்ளுப்பாட்டியின் பெயரே இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். கணவர் இறந்தபின் வீடு அவர் வசம் இருந்ததற்கு எங்களிடம் உள்ள ஒரே எழுத்துச் சான்று அந்த வரி. 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் நமக்குக் கிடைக்காத நிலையில், இப்படிப்பட்ட எல்லைக் குறிப்புகளை நம்பித்தான் தேட வேண்டியிருக்கிறது.

தொகுப்புக்கு வருவோம். வழவழப்பான தாள், பொன்னிற அட்டை, உள்ளே ஆண்டு வரிசை. அந்த வரிசையிலேயே கோளாறு. தாது வருடம் மாசி மாதக் கடன்சீட்டை 1876 என்று போட்டிருந்தார்கள். தாது வருடம் 1876 சித்திரையில் பிறந்தது. அதன் மாசி, ஆங்கிலக் கணக்கில் 1877 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரும். கணவர் இறந்தது அதே தாது வருடம் ஆவணியில். ஆகவே தொகுப்பின்படி, கணவர் இருக்கும்போதே எள்ளுப்பாட்டி தம் பெயரில் கடன் வாங்கியதாக ஆகிறது. உண்மையில் தாது வருடப் பஞ்சம் முற்றியிருந்த மாசியில், கைம்பெண்ணாகி அரையாண்டு கழிந்த நிலையில், அட்டிகையை ஈடாக வைத்து வாங்கிய கடன் அது. ஒரு பெண்ணின் வாழ்க்கையையே வேறாகக் காட்டிவிடும் பிழை இது. சுட்டிக்காட்டியதும் பெரியவர் உடனே ஒப்புக்கொண்டார். தொகுப்பைத் தயாரிக்கும் இளைஞரோ அட்டையை மாற்ற முடியாது என்பதிலேயே நின்றார். (அட்டையை யார் கேட்டது?)

தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. 1816இலும் ஒரு தாது பிறந்தது. எனவே ஆங்கில ஆண்டு இல்லாத சீட்டுகளில், முத்திரைத்தாளையும் சாட்சிகளின் பெயர்களையும் ஒப்பிட்டு, காலத்தை நாமே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கட்டணம் பக்கக் கணக்கில். பின்பக்கம் தனிப் பக்கமாகவே கணக்காகும், அது நியாயமே. மூலத்தை அங்கே விட்டுவர வேண்டியதில்லை, எதிரிலேயே படமெடுத்துத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடை அடைத்திருக்கும்.