ரிபெய்ரோவின் வழியா, ஃபிஷரின் வழியா?

ஐரோப்பியச் சாலை மிதிவண்டிப் பந்தயங்களை நோக்கிப் புறப்படும் பிரேசில் நாட்டு இளம் வீரருக்கு மௌரோ ரிபெய்ரோ, முரிலோ ஃபிஷர் ஆகிய இருவரின் பாதைகளும் முன்மாதிரியாக நிற்கின்றன.

வெற்றி: 1991 ஜூலை 14 அன்று, பிரான்ஸின் தேசிய நாளிலேயே, பல நாள் நீளும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், ரென் நகரில் முடிந்த கட்டத்தை (ஒரு நாள் ஓட்டத்தை) வென்று, அப்பந்தயத்தில் கட்டம் வென்ற முதல் பிரேசிலியரானார் ரிபெய்ரோ, அச்செய்தியை இன்று எழுதும்போதும் மனம் நெகிழ்கிறது. ஃபிஷருக்கு அத்தகைய ஒரு நாள் வாய்க்கவில்லை எனினும், 2005-இல் யூசிஐ (சர்வதேச மிதிவண்டி ஒன்றியம்) அமைப்பின் ஐரோப்பா டூர் என்னும் பந்தயத் தொடரின் தரவரிசையில் முதலிடம் பெற்றார்.

நீடிப்பு: இதில் ஃபிஷரே மேல். 2000 முதல் 2016 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற அவர், லிக்விகாஸ், கார்மின், எஃப்டிஜே அணிகளில் பணியாற்றினார்.

உழைப்பின் தன்மை: சக வீரரின் இறுதிப் பாய்ச்சலுக்காகக் காற்றைத் தாமே எதிர்கொண்டு வழியமைத்துத் தருவது ஃபிஷரின் பணிகளுள் முக்கியமானதாக இருந்தது, அதன் அருமை முடிவுப் பட்டியலில் தெரிவதில்லை.

வாய்ப்பைக் கணித்துத் துணிந்து பாய்பவருக்கு ரிபெய்ரோவின் வழி பொருந்தும். அணிக்கு இன்றியமையாதவராகப் பல்லாண்டு நிலைக்க விரும்புபவர் ஃபிஷரின் வழியைப் பயில வேண்டும்.