எக்ஸல் ஷார்ட்கட் மனதில் நிற்க: ஒட்டிவைத்த பட்டியலா, ஆல்ட் விசையா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சை இலைக் கணக்கு பார்க்கும் தம்பி தங்கைகள் பலர், மவுஸ் இல்லாமல் விசையாலேயே வேலை முடிக்கும் எக்ஸல் ஷார்ட்கட்களின் பட்டியலை அச்செடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைக்கிறார்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது வசதிதான். ஆனால் நாலு நாளில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். மழைக்காலத்தில் காகிதம் நமத்துச் சுருளுவது தனி.

ஆல்ட் விசையின் அருமை வேறு. விண்டோஸ் எக்ஸலில் அதை ஒருமுறை தட்டினால், மேலே ஒவ்வொரு மெனுவின் மீதும் ஓர் எழுத்து தோன்றும். ஹெச், ஓ, ஐ என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். தேர்ந்தெடுத்திருக்கும் பத்தியில் விவசாயி பெயர் முழுதாகத் தெரியும்படி அகலம் தானே சரியாகிவிடும். எதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டாம். மறந்தாலும் திரையே சொல்லித்தரும். பத்து தடவை செய்தால் விரலுக்கே பழகிவிடும். அதனால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் எல்லா ஷார்ட்கட்டும் அந்த எழுத்துகளில் வராது. கிலோவை விலையால் பெருக்கும் சூத்திரத்தில், விலை இருக்கும் கட்டத்தைச் சொடுக்கி எஃப்4 தட்டினால் டாலர் குறி விழுந்து அந்த முகவரி நிலையாகும். அப்புறம் சூத்திரக் கட்டத்திலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் டி போட்டு நிரப்பலாம். இன்றைய தேதிக்குக் கண்ட்ரோலும் அரைப்புள்ளியும். இப்படி ஐந்தாறை மட்டும் கையால் எழுதி ஒட்டுங்கள், போதும்.

எக்ஸல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கில் அந்த எழுத்து வரிசை செல்லாது. அங்கே வேலை செய்பவர்களுக்குப் பட்டியல்தான் கைகொடுக்கும்.