ஷவர் மாற்றி ஐந்து வருஷம்: எது நின்றது, எதைக் கழற்றினோம்

2020 பிப்ரவரியில் எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துப் புதிதாகப் போட்டோம். கோவையில் வடவள்ளிப் பக்கம், 1998இல் கட்டிய தனி வீடு. குளியலறை ஏழடிக்கு ஐந்தடி. அதுவரை சுவரில் இரண்டு பைப்பு, ஒரு வாளி, ஒரு முக்காலி. தலைக்கு மேலே ஷவர் ஒன்று இருந்தது. உப்பு அடைத்து நாலைந்து ஓட்டையில்தான் தண்ணீர் வரும், அதுவும் ஆள் மேல் விழாமல் சுவரில் அடிக்கும். இப்போது வீட்டு வேலை ஆரம்பித்திருக்கிற தோழிகள் இரண்டு பேர் "நீங்க என்ன போட்டீங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். கடையில் பார்த்தபோது தெரியாத பல விஷயங்கள் தினமும் குளித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் நான், கணவர், கல்லூரிக்குப் போகிற மகள், மாமியார். அத்தைக்கு அப்போது 69 வயது. எட்டு அங்குல மழை ஷவர், சுவருக்குள் பதிக்கிற டைவர்ட்டர் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து ஷவருக்குத் திருப்பிவிடும் வால்வு), கண்ணாடிக் கதவு, ஷாம்பு வைக்கச் சுவரில் மாடம், பெரிய டைல்ஸ் என்று எல்லாம் மகளும் நானும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது. கூலியோடு சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆனது.

முதல் நாள் காலையில் மழை ஷவரைத் திறந்தபோது, நடுவில் இருந்த ஓட்டைகளில் மட்டும் தண்ணீர் நூல் நூலாக இறங்கியது. கடையில் சோதித்துக் காட்டியபோது கொட்டியதே என்று மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஷவரில் குறையே இல்லை. கடையில் பம்ப் வைத்திருந்தார்கள், எங்களுக்கு மொட்டை மாடித் தொட்டிதான். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டியின் அடிப்பகுதிக்கும் ஷவர் முகத்துக்கும் இடையே இரண்டு மீட்டர்தான். அப்படியென்றால் 0.2 பார். மாடியில்லாத வீட்டில் குடியிருக்கிற யாருக்கும் கணக்கு ஏறத்தாழ இதுதான். தொட்டியை இன்னும் மூன்றடி தூக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். மூன்றடி தூக்கினால் கூடுவது 0.1 பாருக்கும் குறைவு.

அரை ஹெச்பி பிரஷர் பம்ப் வாங்கினோம். வந்த பிளம்பர் அதைப் பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் இணைத்துவிட்டுப் போனார். பச்சைத் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது, வெந்நீர் வரவே இல்லை. டைவர்ட்டருக்குள் இரண்டு தண்ணீரும் கலக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பம்ப் தள்ளினால் அந்தத் தண்ணீர் கீசர் லைனுக்குள்ளேயே திரும்பி ஏறிவிடும். வேறொரு பிளம்பர் வந்து, தொட்டியிலிருந்து இறங்குகிற இடத்திலேயே பம்பை வைத்து, அதற்குப் பிறகு இரண்டாகப் பிரித்தார். பம்ப் போடுவதற்கு முன் கீசர் எத்தனை பார் தாங்கும் என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 8 பார், கவலையில்லை. மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடும் என்பதால் பக்கத்தில் பம்பைச் சுற்றிப் போகிற ஒரு பைபாஸ் குழாயும், தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாதிருந்தால் கரண்ட் போன நாட்களில் தலையில் சோப்போடு நின்றிருப்போம்.

அழுத்தம் வந்தது. ஆறே மாதத்தில் அடுத்த பாடம், உப்பு. எங்கள் போர் தண்ணீரை மீட்டர் வைத்துப் பார்த்தால் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1400 மில்லிகிராம் காட்டும். குடிக்கிற தண்ணீருக்கு 500க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. கோவைக்குக் குடிக்க வருகிற சிறுவாணி அணைத் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு இலக்கத்திலேயே நின்றுவிடும். இந்தத் தண்ணீரைச் சும்மா புகழவில்லை எங்கள் ஊரார். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு பட்டதும் பிரிந்து கல்லாகப் படிகிறது. அதனால்தான் வெந்நீர் போகிற வழியெல்லாம் முதலில் அடைக்கும். கீசரைத் திறந்த மெக்கானிக், சூடேற்றும் ராடின் மேல் முட்டை ஓடு போல் படிந்திருந்ததைத் தட்டித் தட்டி எடுத்தார். ஒரு கைப்பிடி தேறியது.

2022இல்தான் சரியான வேலையைச் செய்தோம். மாடியில் 500 லிட்டர் தொட்டி ஒன்று தனியாக வைத்து, அதில் சிறுவாணி மட்டும் நிரப்பி, ஷவருக்கும் கீசருக்கும் அதை மட்டும் கொடுத்தோம். ஃபிளஷ், ஹெல்த் ஃபாசெட், துணி துவைப்பது எல்லாம் பழைய போர் லைனில். குடிக்கிற தண்ணீரைக் குளிக்க விடுகிறோமே என்று மனசு உறுத்தத்தான் செய்தது. 2017 கோடையில் சிறுவாணி வற்றி ஊரே குடத்தோடு நின்றதை நாங்கள் பார்த்தவர்கள். அதனால் 20 லிட்டர் வாளியை வைத்து அளந்தேன். மழை ஷவரில் வாளி நிறைய 100 வினாடி, அதாவது நிமிஷத்துக்கு 12 லிட்டர். ஹேண்ட் ஷவரில் சரியாகப் பாதி. பத்து நிமிஷம் மழை ஷவரில் நின்றால் ஆறு வாளித் தண்ணீர். முன்பு நாங்கள் ஒன்றரை வாளியில் குளித்து முடித்தவர்கள். இப்போது தினசரிக் குளியல் ஹேண்ட் ஷவரில், சோப்புப் போடும்போது மூடிவிட்டு. மழை ஷவர் ஞாயிற்றுக்கிழமைக்கு. கோடையில் சிறுவாணி வரும் இடைவெளி நீண்டால் வால்வைத் திருப்பிப் போருக்கு மாறிவிடுவோம்.

ஷவர் முகம் வாங்கும்போது ஓட்டைகளில் ரப்பர் முனை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் கட்டை விரலால் தேய்த்தாலே உப்பு உதிர்ந்துவிடும். வெறும் உலோக ஓட்டை என்றால் ஊசியும் கையுமாக இருக்க வேண்டியதுதான். படிந்துவிட்டால் எலுமிச்சை உப்பு இரண்டு ஸ்பூனை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர் முகம் மூழ்கும்படி இரவு கட்டிவிட்டால் காலையில் சுத்தம். ஆசிட் ஊற்றாதீர்கள். பளபளப்பும் போகும், டைல்ஸ் இடுக்கும் அரிக்கும்.

கண்ணாடிக் கதவுதான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். பத்து மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி, முதல் மாதம் அவ்வளவு அழகு. அப்புறம் உப்புத் திட்டு. தினமும் குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டால் படியாது, ஆனால் நாலு பேரும் தினமும் வழிக்க மாட்டார்கள். கீல் துருப்பிடித்தது. கதவின் அடியில் இருக்கும் ரப்பர்ப் பட்டை மஞ்சளாகிக் கறுத்து, இரண்டு தடவை மாற்றினேன். மூன்றாவது வருஷம் கதவைக் கழற்றிவிட்டு, அசையாத இரண்டரை அடிக் கண்ணாடித் தடுப்பை மட்டும் வைத்துக்கொண்டோம். தண்ணீர் வெளியே தெறிக்கவும் இல்லை. ஏழடிக் குளியலறைக்குக் கதவே தேவையில்லை என்பதுதான் என் தீர்மானம். தடுப்பு மட்டும் போதும்.

இனி தரை. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஷவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தரையை மாற்ற முடியாது.

குளிக்கிற இடத்தையும் காய்ந்த இடத்தையும் பிரிக்க மூன்று அங்குலக் கட்டை கட்டலாம் என்றார் கொத்தனார். அத்தை கால் தடுக்கும் என்று வேண்டாம் என்றோம். அரை அங்குல இறக்கம் மட்டும் வைத்தோம், டைல்ஸ் ஓரம் சாய்வாக. தண்ணீர் போவதற்கு நடுவில் வட்ட ஜாலி வைக்காமல், கடைசிச் சுவரை ஒட்டி நீள ஜாலி வைத்தோம். இதில் ஒரு லாபம் உண்டு. நடுவில் ஜாலி என்றால் நாலு பக்கமும் சரிவு வேண்டும், டைல்ஸை முக்கோணமாக வெட்ட வேண்டும். ஓரத்தில் என்றால் ஒரே பக்கச் சரிவு போதும். அடிக்குக் கால் அங்குலம், எங்கள் ஐந்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். ரசமட்டம் வைத்துக் காட்டினார்கள், சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் இடுக்குப் பூசுவதற்கு முன் நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் மூலையில் ஊற்றினேன். கைக்குட்டை அளவுக்கு ஒரு இடத்தில் தேங்கியது. அன்றைக்கே இரண்டு டைல்ஸை எடுத்து மறுபடி ஒட்டினார்கள். ஒரு நாள் தாண்டியிருந்தால் அது நடந்திருக்காது. ஐந்து வருஷமாகத் தரை அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. அந்தச் சொம்புத் தண்ணீருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

டைல்ஸ் பெட்டியில் ஆர் 10, ஆர் 11 என்று வழுக்காத் தரம் போட்டிருப்பார்கள். அது பூட்ஸ் போட்ட காலை வைத்துச் செய்த சோதனை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறு தரம் இருக்கிறது. ஷவர் இடத்துக்குக் குறைந்தது பி கேளுங்கள். அளவிலும் சின்ன டைல்ஸ் நல்லது, இடுக்கு அதிகமானால் காலுக்குப் பிடிமானம் அதிகம். நாங்கள் ஓரடி டைல்ஸ் போட்டோம், இடுக்கில் எபாக்சி என்கிற பிசின் கலவை. சிமெண்ட் கலவை போட்ட இன்னொரு குளியலறையில் இடுக்கு கறுத்துவிட்டது, இங்கே இன்னும் நிறம் மாறவில்லை.

ஆனால் எந்த டைல்ஸும் எண்ணெய்க்கு முன்னால் நிற்காது. எங்கள் வீட்டில் அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் வைத்து அரப்புத் தேய்த்துக் குளிப்பார். புது ஷவரைப் பார்த்த அன்று கேட்டார்: "ஏங் கண்ணு, இது பூ மழையாட்ட விழுகுது, தலைல இருக்கற அரப்பு போகுமா?" போகவில்லை. மழை ஷவரில் நிற்கிறவர்களால் அரப்பை அலச முடியாது. தண்ணீர் விரிந்து விழுமே தவிர, முடிக்குள் இறங்காது. ஹேண்ட் ஷவர்தான் அலசிக் கொடுத்தது. அதுவும் நீளக் குழாய், ஒன்றரை மீட்டர். உட்கார்ந்து குளிக்கிறவர் கைக்கு எட்ட வேண்டுமல்லவா?

உட்கார்வதற்குச் சுவரோடு ஒரு கிரானைட் திண்ணை கட்டினோம், பதினெட்டு அங்குல உயரம், முன்பக்கம் இலேசான சாய்வு. மகள் முதலில் "இடம் அடைக்கும்மா" என்றாள். இன்றைக்கு அந்தக் குளியலறையில் எல்லோரும் உபயோகிக்கிறது அந்தத் திண்ணைதான். கால் தேய்க்க, துணி அலச, வாளி வைக்க. திண்ணைக்குப் பக்கத்தில் எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீல் கைப்பிடி. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்தால் ஆளோடு வந்துவிடும், அதனால் செங்கலுக்குள் ஆழமாக ஆங்கர் போட்டு இறுக்கச் சொன்னோம். 2023 ஐப்பசி மழை நாளில் எண்ணெய்க் காலோடு எழுந்த அத்தைக்குக் கால் வழுக்கியது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது முழங்கால் தரையில் படவில்லை. எழுநூறு ரூபாய்க் கம்பி அது.

அரப்பும் முடியும் சேர்ந்து ஜாலிக்குள் கெட்டியாகப் படியும். நீள ஜாலியின் மூடி கொக்கியால் தூக்கி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும், ஸ்க்ரூ போட்டது வேண்டாம். வெள்ளிக்கிழமை குளியல் முடிந்ததும் மூடியைத் தூக்கி இரண்டு வாளி வெந்நீர் ஊற்றுகிறேன், இதுவரை அடைக்கவில்லை. அடியில் போகிற குழாய் முன்பு இரண்டு அங்குலம், இப்போது மூன்று. அதுவும் காரணம்.

மாடம் பற்றிச் சுருக்கமாக. ஷவர் விழுகிற சுவரிலேயே வைத்தது தப்பு, எல்லாம் எப்போதும் நனைந்தே இருக்கும். பக்கச் சுவரில் வையுங்கள். அடித்தட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் சோப்பு கூழாகிவிடும். தட்டுக்கு ஒரே கிரானைட் துண்டு போடுங்கள். வாளி பிடிக்க இரண்டடி உயரத்தில் ஒரு குழாயும் கட்டாயம் விடுங்கள். சில டிசைன் படங்களில் அதை அடியோடு எடுத்துவிடுகிறார்கள். அதை எடுத்தால் நம் வீடுகளில் ஒரு வாரம் தாங்காது. கீசருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் ஷவர் வேலையே ஆரம்பிக்காதீர்கள்.

சுவருக்குள் பதித்த டைவர்ட்டர் நாலாவது வருஷம் சொட்ட ஆரம்பித்தது. சுவரை உடைக்க வேண்டுமோ என்று எனக்குத் தூக்கமே போனது. உள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற கார்ட்ரிட்ஜை மட்டும் முன்பக்கமாகவே கழற்றி மாற்ற முடிந்தது, இருபது நிமிஷ வேலை. வாங்கும்போதே அந்தக் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், சுவரில் குழாய்கள் ஓடுகிற பாதையை டேப் பிடித்து அளந்து, டேப்போடு சேர்த்து நாலு சுவரையும் போட்டோ எடுத்து வைத்தார் கணவர். கைப்பிடிக்குத் துளை போட்டபோது அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வெந்நீர்க் குழாய்க்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டோம். மீந்த டைல்ஸ் ஏழு துண்டு மாடிப்படிக்குக் கீழே சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். அதே வரிசையில் அந்த டிசைன் இப்போது எந்தக் கடையிலும் இல்லை.