நைட் கார்டு: கடையில் வாங்குவதா, பல் மருத்துவரிடம் செய்வதா?

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு. அங்கே வலி இல்லாமல் ‘டக்’ சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்து, காலையில் தாடை வலியோடு எழுபவர்களுக்குத்தான் நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை, பற்றிய பேச்சு வரும்.

கடையில் கிடைக்கும் மென்மையான கார்டை வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிய வைத்தால் போதும். செலவு குறைவு. ஆனால் சூயிங்கம் மாதிரி மெத்தென்று இருப்பதால் சிலர் இன்னும் அழுத்திக் கடிப்பார்கள். சீக்கிரம் கிழியும்.

பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்வது அக்ரிலிக் என்ற கடினமான பிளாஸ்டிக்கில். விலை பல மடங்கு. ஆனால் விஷயமே பொருத்துவதில்தான் இருக்கிறது: வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, கறை அழுத்தமாகப் படியும் இடத்தை ராவி, பற்கள் எல்லாம் சமமாகத் தொடும்வரை சரிசெய்வார். வலி நீடித்தால் என் ஓட்டு இதற்குத்தான். முன்பற்களை மட்டும் மூடும் சின்ன கார்டு மட்டும் வேண்டாம்; நாள்பட்டால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதமே மாறிப்போகலாம்.

எதைப் போட்டாலும் பல் கடிக்கும் பழக்கம் நிற்காது, தேய்மானம்தான் குறையும். அதனால் முதலில் வெந்நீர் ஒத்தடம், மென்மையான சாப்பாடு. முறுக்கும் கரும்பும் கொஞ்ச நாள் கழித்து. வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லையா? கார்டு தேடாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.